உளவாளியா, சாட்சியா? கறுப்புப் பெட்டியின் கதை

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிந்தைய அமர்வை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். எட்டாவது பாடவேளையில் வகுப்பெடுத்துப் பழகியவர்கள் நாம், சமாளித்துவிடலாம்.

இந்தத் தலைப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை. என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் தேர்ந்தெடுத்தார்கள். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விமானம் விழுந்தபோது, கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அடுத்த வாரம் வகுப்புக்குள் நுழைந்தால் எல்லா வாயிலும் ஒரே பேச்சு: கறுப்புப் பெட்டி கிடைத்துவிட்டதாம். கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: "அவ்ளோ பெரிய தீயிலயும் அந்தப் பெட்டி மட்டும் தப்பிச்சிருக்குன்னா, பிளேன் முழுசையும் அதே மாதிரி செஞ்சிரலாமே டீச்சர்?"

நல்ல கேள்வி. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, அன்று மாலையிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். அந்த 'நாளைக்கு' இரண்டு வாரமானது வேறு கதை.

முதலில் பெட்டியையே பார்ப்போம். அது கறுப்பு இல்லை. பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். சிதைவுக் குவியலில் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக அந்த வண்ணம். பிறகு ஏன் 'கறுப்பு' என்றால், அதற்குப் பல கதைகள் உலவுகின்றன. எதையும் நான் வகுப்பில் உறுதியாகச் சொல்வதில்லை. பெரும்பாலான விமானங்களில் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்று உயரம், வேகம், திசை, இயந்திரத்தின் நிலை என்று அளவீடுகளைப் பதிவது. மற்றொன்று விமானி அறையின் ஒலிகளைப் பதிவது. சில புதிய விமானங்களில் இரண்டு வேலையையும் ஒரே பெட்டி செய்கிறது. வழக்கமாக வால் பகுதியில் வைப்பார்கள். விழும் விமானத்தில் வால்தான் பெரும்பாலும் கடைசியில் மோதும். முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியின் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும்.

எஃகு அல்லது டைட்டானியத்தில் தடித்த ஓடு. உள்ளே வெப்பம் புகாத அடுக்கு. அதற்கும் உள்ளே, நம் அலைபேசியில் இருப்பதைப் போன்ற நினைவகச் சில்லுகள். 1,100 டிகிரி செல்சியஸ் தீயில் ஒரு மணி நேரம் தாங்க வேண்டும். 6,000 மீட்டர் ஆழக் கடல் அழுத்தத்தைத் தாங்க வேண்டும். மோதல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 3,400 மடங்கை 6.5 மில்லி விநாடி தாங்க வேண்டும். இந்தக் கடைசி எண்ணை ஒன்பதாம் வகுப்பில் கணக்காகவே கொடுத்துவிடலாம். முடுக்கம் மாறாமல் இருப்பதாக வைத்துக்கொண்டால், 3,400 பெருக்கல் 9.8 பெருக்கல் 0.0065. கிடைப்பது விநாடிக்குச் சுமார் 216 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 780 கிலோமீட்டர். அந்த வேகத்திலிருந்து 70 சென்டிமீட்டருக்குள், நம் வகுப்பறை மேசையின் உயரம்கூட இல்லாத தூரத்தில், நின்றுவிடுவது. உண்மைச் சோதனையில் விசை ஏறி இறங்குவதால் கணக்கு இதைவிடக் குறையும். ஆனாலும் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். அப்படி ஒரு விமானம் செய்தால் எடை தாங்காமல் அது தரையை விட்டே எழும்பாது. எழும்பினாலும் பயனில்லை. ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குள் தக்காளியை வைத்து மொட்டை மாடியிலிருந்து போட்டுக் காட்டினேன். டப்பா லேசாக நெளிந்தது. திறந்து பார்த்தபோது ரசம் வைக்கலாம் போல இருந்தது. "ஓடு தப்பிச்சாலும் உள்ள இருக்கறவங்க தப்பிக்க மாட்டாங்க இல்ல டீச்சர்" என்று அவனே சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அதற்குப் பிறகு வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

ஆனால் படிக்கப் படிக்க, பெட்டியின் உறுதியைவிட வேறொன்று என்னைப் பிடித்துக்கொண்டது. அதை விமானத்துக்குள் ஏற்றவே எவ்வளவு எதிர்ப்பு இருந்தது என்பது.

1934 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் 'மிஸ் ஹோபார்ட்' என்ற சிறு பயணிகள் விமானம் டாஸ்மேனியாவிலிருந்து மெல்பர்ன் நோக்கிப் புறப்பட்டு, இடையிலுள்ள பாஸ் நீரிணையின் மேல் காணாமல் போனது. பன்னிரண்டு பேர். ஏன் விழுந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. போனவர்களில் ஒருவர் ஹியூபர்ட் வாரன் என்ற சமயப் பணியாளர். அவருடைய மகன் டேவிட்டுக்கு அப்போது வயது ஒன்பது. அப்பா கடைசியாக வாங்கிக் கொடுத்த பரிசு ஒரு கிறிஸ்டல் ரேடியோ. விடுதியில் விளக்கணைத்த பிறகு அந்தப் பையன் அதை வைத்துக்கொண்டு கேட்பான்; பிறகு தானே ரேடியோ செய்யக் கற்றுக்கொண்டான். ஒலியின் மீதான ஈடுபாடு அங்கே தொடங்கியது.

டேவிட் வாரன் படித்தது வேதியியல். நமக்குப் பெருமையான ஒரு செய்தி: படிப்பு முடித்ததும் அவர் சிறிது காலம் பள்ளியில் கணக்கும் வேதியியலும் நடத்தியிருக்கிறார். பிறகு மெல்பர்னில் இருந்த அரசின் விமான ஆராய்ச்சிக்கூடத்தில் எரிபொருள் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட், ஒன்றன்பின் ஒன்றாக நடுவானில் சிதறியது. 1953 மே மாதம் கல்கத்தாவிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் ஒன்று; 1954-இல் இத்தாலிக்கு அருகே கடலில் இரண்டு. அது பற்றிய கூட்டம் ஒன்றில் வாரனும் இருந்தார். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவருக்கு மட்டும் வேறொரு நினைப்பு ஓடியது. அண்மையில் ஒரு கண்காட்சியில், சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் அளவிலான மினிஃபோன் என்ற ஜெர்மானிய ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்திருந்தார். அப்படி ஒன்று அந்த விமானத்துக்குள் ஓடிக்கொண்டிருந்து, அது மீண்டிருந்தால்? இந்தக் கூட்டமே தேவைப்பட்டிருக்காதே.

காமெட்டின் காரணத்தைப் பின்னர் இங்கிலாந்தில் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு முழு விமானத்தையே இறக்கி, மீண்டும் மீண்டும் அழுத்தம் ஏற்றி இறக்கிக் கண்டுபிடித்தார்கள். உலோகச் சோர்வு. நாம் கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து ஒடிக்கிறோமே, அதேதான்.

விமானத் தரவுகளைப் பதிவது வாரனின் புது யோசனை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் பிரான்சுவா உசேனோ 1939-லேயே, ஒளிக்கற்றை கொண்டு புகைப்படச் சுருளில் அளவீடுகளைப் பதிந்தார். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் ரயன் 1950-களில், உலோகத் தகட்டில் ஊசியால் கீறும் பதிவியை உருவாக்கினார். அந்த வகைப் பதிவியில் உயரம், வேகம், திசை, செங்குத்து முடுக்கம், நேரம் என்று ஐந்தே விவரங்கள். நம் ஓலைச்சுவடியும் எழுத்தாணியும் நினைவுக்கு வருகின்றன. ஓலையைப் போலவே அந்தத் தகட்டையும் ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். வாரன் சேர்த்தது குரலை. அளவுமானி 'என்ன' என்று சொல்லும். அந்த நேரத்தில் மனிதர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்பதைக் குரல்தான் சொல்லும்.

1954-இல் அறிக்கையாக எழுதினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. மேலதிகாரி ஒருவர் மட்டும், ஆய்வகக் கணக்கில் ஒரு மினிஃபோனை வாங்கிக் கொடுத்து, வெளியே தெரியாமல் செய்யச் சொன்னார். இப்படி ஒரு மேலதிகாரி வாய்ப்பதும் அதிர்ஷ்டம்தான். சில ஆண்டுகளில் மாதிரி தயார். மெல்லிய எஃகுக் கம்பியில் நான்கு மணி நேரக் குரலும் எட்டு அளவீடுகளும் பதியும். பழையது தானாக அழிந்து புதியது ஏறும்.

அப்போது வந்த பதில்களைக் கேளுங்கள். சிவில் விமானத் துறை, உடனடிப் பயன் பெரிதாக இல்லை என்றது. விமானப் படை, இதில் விளக்கத்தைவிட வசவுச் சொற்கள்தான் அதிகம் பதியும் என்றது. விமானிகள் சங்கத்தின் எதிர்ப்புதான் கடுமையானது: இது எங்களோடு பறக்கும் உளவாளி, இப்படி ஒட்டுக் கேட்டால் ஒரு விமானமும் கிளம்பாது என்றார்கள்.

விமானிகளை வில்லன்களாகப் பார்க்க வேண்டாம். எனக்கு அவர்களுடைய அச்சம் நன்றாகவே புரிகிறது. சில ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பை நானே அலைபேசியில் பதிவு செய்து பார்த்தேன். கேள்வி கேட்டுவிட்டு இரண்டு விநாடிகூடப் பொறுக்காமல் நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருமுறை அல்ல, பாடவேளை முழுக்க. ஒரு பிள்ளை சரியான பதிலைத் தொடங்கும்போதே "உட்காரு" என்றிருக்கிறேன். அன்றைக்கே அந்தப் பதிவை அழித்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து மறுபடி பதிவு செய்தேன். அதற்குப் பிறகு பலமுறை. ஆனால் அது வேறு யாருக்கோ அனுப்பப்படும், அதன் மேல் ஒரு விளக்கக் கடிதம் கேட்பார்கள் என்றிருந்தால் முதல் பதிவையே செய்திருக்க மாட்டேன். அல்லது பதிவாகும் நாளில் மட்டும் நாடகம் போட்டிருப்பேன்.

வாரனின் கதைக்குத் திரும்புவோம். 1958-இல் பிரிட்டனின் விமானப் பதிவு வாரியச் செயலர் ராபர்ட் ஹார்டிங்ஹாம் அந்த ஆய்வகத்துக்கு வந்தவர், இந்தக் கருவியை எதேச்சையாகப் பார்த்தார். உடனே வாரனை இங்கிலாந்துக்கு வரவழைக்க ஏற்பாடு செய்தார். சொந்த ஊரில் விலைபோகாதது அங்கே விலைபோனது. 1960 ஜூன் மாதம் ஆஸ்திரேலியாவின் மெக்காய் நகருக்கு அருகே ஒரு பயணிகள் விமானம் கடலில் விழுந்து 29 பேர் இறந்தார்கள். காரணத்தை உறுதி செய்ய முடியவில்லை. விசாரித்த நீதிபதி, பதிவுக் கருவிகள் வேண்டும் என்று பரிந்துரைத்தார். அதன் பிறகே ஆஸ்திரேலியா அசைந்தது; விமானி அறைக் குரல் பதிவியைக் கட்டாயமாக்கிய முதல் நாடாகவும் ஆனது. டேவிட் வாரன் 2010-இல் தமது 85ஆம் வயதில் காலமானார்.

விமானிகளின் அச்சத்துக்கு உலகம் ஒரு பதிலைக் கண்டுபிடித்தது. அது கருவியில் இல்லை, விதியில் இருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்பாட்டின் 13ஆம் இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பது என்கிறது. பழியைப் பங்கிடுவதோ பொறுப்பைச் சுமத்துவதோ அதன் நோக்கமல்ல. குரல் பதிவின் ஒலியைப் பொதுவில் விடுவதில்லை. அமெரிக்காவில் விசாரணை வாரியம் அதை வெளியிடச் சட்டமே தடை செய்கிறது, எழுத்து வடிவம் மட்டும் வரும். நீதிமன்றங்கள் தனி, அவை தம் வழியில் நடக்கும். ஆனால் காரணம் தேடும் மேசையும் தண்டனை தரும் மேசையும் வேறுவேறு என்ற ஏற்பாடு வந்த பிறகுதான் பதிவி முழுப் பயன் தரத் தொடங்கியது.

இந்தியாவில் அதன் பயனை நாம் கண்டது 1996 நவம்பரில். ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே, சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் நேருக்கு நேர் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் நின்றிருக்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கியிருந்ததைப் பதிவுகள் காட்டின. எதிரே வரும் விமானத்தை எச்சரிக்கும் கருவி இந்தியாவில் கட்டாயமானது அதற்குப் பிறகுதான்.

குற்றம் சொல்லாமல் காரணம் தேடுவது எவ்வளவு கடினம், எவ்வளவு பயனுள்ளது என்பதை எனக்கு உணர்த்தியது ஏர் பிரான்ஸ் 447. 2009 ஜூன் 1, ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸ் போகும் ஏர்பஸ் விமானம், 228 பேரோடு அட்லாண்டிக்கில் விழுந்தது. கறுப்புப் பெட்டியோடு ஒரு சிறு ஒலிபரப்பி இருக்கும். தண்ணீர் பட்டதும் விநாடிக்கு ஒருமுறை 37.5 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும். மனிதக் காதின் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ் என்று நாம் நடத்துகிறோமே, இதற்கென்றே தனிக் கருவி வைத்துத்தான் கேட்க முடியும். அதன் மின்கலம் அன்று 30 நாள்தான் தாங்கும். அந்த 30 நாளில் அகப்படவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தேடி, தானியங்கி நீர்மூழ்கிகளை விட்டு, 2011-இல் கண்டுபிடித்தார்கள். ஆழம் சுமார் 3,900 மீட்டர். தொட்டபெட்டாவின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு. 23 மாதம் உப்புத் தண்ணீரில் கிடந்த நினைவகத்தைக் கழுவி, உலர்த்தி, படித்தால் எல்லாம் இருந்தது.

என்ன இருந்தது? வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனிப்படிகம் அடைத்தது. வேகக் கணக்கு குழம்பியதும் தானியங்கி ஓட்டும் அமைப்பு விலகிக்கொண்டது. விமானத்தில் வேறு கோளாறு இல்லை. ஓட்டிக்கொண்டிருந்த விமானி, மூக்கை மேலே தூக்கிப் பிடித்தார். விமானம் ஏறியது, வேகம் குறைந்தது, இறக்கைகளின் மேல் காற்று ஒட்டி ஓடாமல் பிரிந்து தூக்கும் விசை குலைந்தது. எச்சரிக்கை ஒலித்தது. ஒரு கட்டத்தில் வேக அளவீடு மிகவும் குறைந்ததும், 'இந்த எண்களை நம்ப முடியாது' என்று கணினி எச்சரிக்கையையே நிறுத்திவிட்டது. விமானி மூக்கைச் சற்றுக் கீழே இறக்கியபோது, அதாவது சரியானதைச் செய்தபோது, வேக அளவீடு திரும்ப வந்து எச்சரிக்கை மறுபடி அலறியது. தவறு செய்தால் அமைதி, சரியாகச் செய்தால் அலறல்! இருட்டில், மேகத்துக்குள், அவருக்கு அது என்னவாகப் புரிந்திருக்கும்? குழாய் அடைத்ததிலிருந்து கடலைத் தொடும்வரை நாலரை நிமிடம்கூட இல்லை.

பெட்டி கிடைக்காமலே போயிருந்தால் 'மோசமான வானிலை' என்று கோப்பை மூடியிருப்பார்கள். பெட்டி கிடைத்தும் 'விமானியின் தவறு' என்று ஒரே சொல்லில் மூடியிருக்கலாம். பிரெஞ்சு விசாரணைக் குழு இரண்டையும் செய்யவில்லை. அதே நிலையில் வேறொரு குழு இருந்தாலும் இதுவே நடந்திருக்குமா என்று கேட்டது. மிக உயரத்தில் கையால் ஓட்டும் பயிற்சியே அவர்களுக்குத் தரப்படவில்லை என்று தெரிந்தது. பயிற்சி மாறியது, ஒலிபரப்பியின் ஆயுள் 90 நாளாக உயர்ந்தது. ஆனாலும் 2014 மார்ச் மாதம் 239 பேரோடு மறைந்த மலேசிய விமானம் எம்.எச். 370-இன் பெட்டிகள் இதுவரை கிடைக்கவில்லை. எவ்வளவு உறுதியான சாட்சியானாலும் கண்டுபிடித்தால்தானே பேசும்.

விபத்தே நடக்காத விமானங்களில்தான் இன்று பதிவுகள் அதிகம் பயன்படுகின்றன. பலர் அறியாத பயன் இது. கறுப்புப் பெட்டியில் பதியும் அதே வகைத் தரவு, எளிதில் எடுத்துப் படிக்கக்கூடிய இன்னொரு பதிவியிலும் ஏறுகிறது. விமானம் பத்திரமாக இறங்கிய பிறகு அதை எடுத்து அலசுகிறார்கள். எந்த ஓடுபாதையில் அடிக்கடி வேகமாக இறங்குகிறார்கள், எங்கே செங்குத்தாகச் சரிகிறார்கள் என்று நூற்றுக்கணக்கான பயணங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது, ஒரு தனி விமானியின் பிழை அல்ல, அந்த இடத்தின் இயல்பே தெரிந்துவிடுகிறது. முறையாக நடக்கும் நிறுவனங்களில் பெயரை மறைத்துத்தான் இந்த அலசல். பெயரைப் போட்டுச் சுவரில் ஒட்டினால் மறுநாளிலிருந்து என்ன நடக்கும் என்று தேர்ச்சி விழுக்காட்டுப் பட்டியலைப் பார்த்த நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அகமதாபாத் விபத்தின் முதற்கட்ட அறிக்கை ஒரு மாதத்தில் வந்தது. எழும்பிய சில விநாடிகளில் இரு இயந்திரங்களின் எரிபொருள் விசைகளும் ஒரு விநாடி இடைவெளியில் நிறுத்த நிலைக்குப் போனதை அது சொன்னது. ஒரு விமானி 'ஏன் நிறுத்தினாய்' என்று கேட்டதாகவும், மற்றவர் தாம் நிறுத்தவில்லை என்றதாகவும் பதிவானதைச் சொன்னது. கேட்டவர் யார், பதில் சொன்னவர் யார் என்பதைச் சொல்லவில்லை. அதற்கு மேல் ஊகிக்காமல் அறிக்கை நின்றுகொண்டது. தொலைக்காட்சிகள் நிற்கவில்லை, அன்றிரவே தீர்ப்பு எழுதிவிட்டன. மறுநாள் என் வகுப்பில் முதல் கேள்வி: "அப்ப யாரு மேல தப்பு டீச்சர்?" கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டேன். பெட்டி சொன்னது ஒரு பக்கம், நாம் நினைப்பது இன்னொரு பக்கம். முதல் பத்தியில் நான்கு வரிகூட நிரம்பவில்லை. இரண்டாவதில் இடம் போதவில்லை.

கடைசியாக, நாங்கள் இன்னும் முடிக்காத ஒரு விவாதம். குரலும் எண்களும் போதாது, விமானி அறைக்குள் படம்பிடிக்கும் கருவியும் வேண்டும் என்று அமெரிக்க விசாரணை வாரியம் 2000-ஆவது ஆண்டிலிருந்தே பரிந்துரைத்து வருகிறது. விசையை யார் கை தொட்டது என்று தெரிந்துவிடும் என்பது அதற்கான வாதம். விமானிகள் சங்கங்கள் எதிர்க்கின்றன. அறுபது ஆண்டுகளுக்கு முன் கேட்ட அதே சொற்கள்தான் பெரும்பாலும். என் வகுப்பில் வாக்கெடுப்பு வைத்தேன். வேண்டும் என்றவர்கள் 21, வேண்டாம் என்றவர்கள் 16. வேண்டாம் என்ற கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து, "நம்ம கிளாஸ்ல கேமரா வெச்சா நீங்க ஒத்துக்குவீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

அவளுக்கும் 'நாளைக்குச் சொல்றேன்' என்றுதான் சொல்லியிருக்கிறேன். தேநீர் வந்துவிட்டது போலிருக்கிறது. குடித்துக்கொண்டே நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று சொல்லுங்கள்.